ம்

மனைவியின் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்த வியாழக்கிழமை, அவன் அலுவலகத்தில் உட்கார்ந்து மின்விசிறி சுற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். பொழுது போகாமல் அல்ல, அதுதான் அவன் வேலை. காதில் செருகிக்கொள்ளும் ஒயர் இல்லாத இயர்போன் செய்து விற்கிற கம்பெனியில், வீட்டுக்குள் கேட்கும் வேண்டாத சத்தங்களை வடிகட்டுகிற மென்பொருளை எழுதுகிறவன் அவன். ஃபேன், ஃபிரிட்ஜ், மிக்ஸி, மேல்வீட்டுக்காரர் நாற்காலி இழுக்கிற சத்தம் என்று எல்லாவற்றையும் அவனுடைய நிரல் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். மனிதர் பேச்சை மட்டும் உள்ளே விடும். இரைச்சல் பிரிவில் இருந்ததால் அலுவலகத்தில் அவனுக்கு ‘இரைச்சல்’ என்றே பெயர் விழுந்திருந்தது. நாளெல்லாம் வாயைத் திறக்காத ஆளுக்கு இப்படி ஒரு பெயரை வைத்தவர்களுக்குக் குசும்பு அதிகம்தான்.

மதியம் மச்சினியிடமிருந்து போன் வந்தது. மனைவியின் தங்கை, சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

“அக்காவுக்கு ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. வார்டுக்கு மாத்தியாச்சு. சொல்லிடலாம்னு கூப்பிட்டேன்.”

“என்ன ஆபரேஷன்?” என்றான்.

“ரொம்ப நல்லா இருக்கு அத்தான்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மருத்துவமனைக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினான். மனைவி கழுத்தில் கட்டோடு கண்மூடிப் படுத்திருந்தாள். இரண்டு வாரம் அதிகம் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தைராய்டு கட்டி. பயப்படும்படி ஒன்றும் இல்லையாம், ஆனால் குரல் பழையபடி திரும்புமா என்பதைப் போகப் போகத்தான் சொல்ல முடியுமாம். மச்சினி அவனை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“திங்கக்கிழமை காலைல உங்ககிட்ட சொன்னாளாம். அடுப்பு பக்கத்துல நின்னுக்கிட்டு. கட்டி பெருசாயிடுச்சு, வியாழக்கிழமை எடுக்கப் போறாங்க, குரல் போயிடுமோன்னு பயமா இருக்கு, கூட வர்றீங்களான்னு கேட்டாளாம். நீங்க ‘ம்’னீங்களாம். இன்னைக்குக் காலைல பையைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்து பாத்தா, வாசல்ல உங்க செருப்பு இல்லையாம்.”

“சத்தியமா எனக்குக் கேக்கல.”

“யாருக்கு அத்தான் காது குத்துறீங்க?”

அவன் இடித்த புளி மாதிரி நின்றான். உள்ளே போய் மனைவியின் கட்டிலருகே உட்கார்ந்தான். வருத்தம் வர வேண்டிய இடம் இது என்று அவனுக்குத் தெரிந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு தாடையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே, அப்படி மனத்தைத் தொட்டுப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த மெஷின் விட்டு விட்டுக் கூவியது. இந்தச் சத்தத்தை வடிகட்டுவது சுலபம் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்தது தப்பு என்றும் அவனுக்குத் தெரிந்தது. அதுவும் சும்மா தெரிந்ததுதான், வலிக்கவில்லை. எப்போதிருந்து இப்படி ஆனான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. வேலை தலைக்கு மேல் இருந்த ஏதோ ஒரு காலத்தில் உள்ளே யாரோ சுவிட்சை அணைத்துவிட்டுப் போனார்கள், திரும்பப் போட மறந்துவிட்டார்கள்.

மனைவி வீட்டுக்கு வந்து ஓரளவு பேசத் தொடங்கியதும், மச்சினி தன் வீட்டில் அவளுக்காக ஓர் அறையை ஒழித்து வைத்தாள். அலமாரி மேலிருந்த துணிப்பெட்டி கீழே இறங்கிப் படுக்கையறைக் கதவோரம் நின்றது. ஒரு சாயங்காலம் மனைவி அவனை எதிரே உட்காரச் சொன்னாள். அவள் குரல் கரகரத்து, பாதி காற்றாக வந்தது.

“சண்டை போடக் கூப்பிடல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னைக்கு நான் சொன்னது நிஜமாவே கேக்கலையா? இல்ல, கேட்டும் உங்களை அது ஒண்ணும் பண்ணலையா?”

“கேக்கல.”

“கேக்கலைன்னா பரவாயில்ல. காது கேக்காதவரோடகூட குடும்பம் நடத்தலாம். ரெண்டாவதுன்னா என்னால முடியாது, நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுறேன்.” கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டாள். “ஆனா அதெப்படிங்க கேக்காம போகும்? நாலடி தள்ளித்தானே நின்னேன்?”

“ஆபரேஷன் அன்னைக்குக் காலைல ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?”

“பண்ணி? ஞாபகப்படுத்திக் கூட்டிட்டுப் போறதுக்கு நான் என்ன கரண்ட் பில்லா?”

மாட்டிக்கொண்டால் காதைத் தடவுவது அவன் வழக்கம். தடவிய விரலில் இயர்போன் தட்டுப்பட்டது. அது காதில் இருப்பதையே அவன் மறந்திருந்தான்.

புது மாடல் கடைக்குப் போகும் முன் ஊழியர்கள் ஆளுக்கொரு ஜோடியை வீட்டில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. மற்றவர்கள் வீட்டு வாசலிலேயே கழற்றிப் பையில் போட்டுவிடுவார்கள். அவன் ஒருவன்தான் சாப்பிடும்போதும் டிவி பார்க்கும்போதும் போட்டபடி கண்ணும் கருத்துமாகச் சோதித்தான். இப்போது அவனுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. சோதனைக்குக் கொடுத்திருந்த வெளி ஆட்களில் ஒரு பெரியவர், “எல்லார் பேச்சும் கேட்கிறது, என் மனைவி பேச்சு மட்டும் வருவதில்லை” என்று புகார் அனுப்பியிருந்தார். பிரிவே விழுந்து விழுந்து சிரித்தது. இதற்குத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்றார் ஒருவர். அவன் மேலோட்டமாகச் சோதித்துப் பார்த்து, ‘இங்கே மறுபடி வரவில்லை’ என்று எழுதி அந்தப் புகாரை மூடினான். அவர்கள் தொழிலில் இந்த மூன்று வார்த்தை பெரிய வரம். பிழை நம் கண்முன் இன்னொரு தடவை நடக்காவிட்டால் அது நடக்கவே இல்லை என்று அர்த்தம்.

மறுநாள் காலை அந்தப் புகாரைத் திரும்பத் திறந்தான்.

சோதனைக்கூடம், ‘சல்லடை’ என்று எல்லாரும் கூப்பிடுகிற பெண்ணின் ராஜ்யம். எந்தக் குறையும் அவளிடமிருந்து நழுவாது என்பதால் வந்த பெயர், அவளுக்கே அதில் கொஞ்சம் பெருமை. நாலு பக்கமும் பஞ்சு ஒட்டிய அந்தச் சின்ன அறையின் நடுவில் ரப்பரில் செய்த ஒரு பொம்மைத் தலை இருந்தது. அதற்கு இரண்டு ரப்பர் காதுகள், காதுக்குள் மைக். வழுக்கையாக இருக்கிறதே என்று பரிதாபப்பட்டுச் சல்லடை அதற்கு ஒரு பழைய கம்பளித் தொப்பி மாட்டியிருந்தாள்.

“ஒரே ஆளோட குரல் நிறைய வேணும்” என்றாள். “தினம் கேக்குற குரல், ஒரே வீட்டுல எடுத்தது. இருக்கா?”

இருந்தது. மனைவி போனில் அனுப்பிய குரல் செய்திகள். ஆபரேஷனுக்கு முந்தைய, கணீரென்ற குரல். வரிசையாகக் கிடந்தன, பெரும்பாலானவற்றை அவன் திறந்ததே இல்லை. பொம்மைத் தலையின் காதில் இயர்போனைச் செருகிவிட்டு ஒவ்வொன்றாக ஓடவிட்டார்கள். அவன் திரையில் அலைக்கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான், என்ன சொல்கிறாள் என்பதில் அவன் கவனம் இல்லை. சல்லடைக்குத்தான் காது சும்மா இருக்காது.

“பல்பு வாங்கினீங்களா?” என்று கேட்டாள்.

“எந்த பல்பு?”

“சமையலறை பல்பு ஃபியூஸ் போயிடுச்சு, வரும்போது வாங்கிட்டு வாங்கன்னு இது மூணாவது தடவை சொல்றாங்க. ரொம்ப நாளா இருட்டுலயா சமைக்கிறாங்க?”

அவன் அசடு வழிந்தான். “ஹால் வெளிச்சம் வரும்” என்றான்.

செய்திகள் ஓட ஓட அது நடந்தது. முதலில் மனைவியின் குரல் முழுசாக வந்தது. பிறகு ஓரங்கள் தேய்ந்தன. பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிற மாதிரி ஆனது. கடைசியில், அலைக்கோடு துள்ளிக்கொண்டிருக்க, காதில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. சல்லடை தன் குரலில் “ஹலோ” என்று பார்த்தாள், அது பளிச்சென்று கேட்டது. இன்னொரு பெண் குரலைப் போட்டார்கள், அதுவும் கேட்டது. அவன் மனைவியை மட்டும் ஃபேனோடும் ஃபிரிட்ஜோடும் சேர்த்துத் தூக்கி எறிந்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு வந்த கரகரத்த குரல் அதற்குப் புதுசு, அதனால்தான் முந்தின சாயங்காலம் கேட்டது.

காரணம் தேட அதிக நேரம் ஆகவில்லை. ஒரு சத்தம் அடிக்கடி வருகிறது. வரும்போது போட்டிருக்கிறவர் தலையைத் திருப்புவதில்லை, வாய் திறந்து பதில் சொல்வதில்லை. அப்படியானால் அது அவருக்கு வேண்டாத சத்தம். இந்த விதியை எழுதியவனே அவன்தான். மேலாளர் கை தட்டிப் பாராட்டிய விதி. வாயை மூடிக்கொண்டு மூக்கால் சொல்கிற ‘ம்’ அதன் கணக்கில் பதிலே இல்லை, இருமல் தும்மலோடு சேர்த்தி.

“பொம்மைத் தலை திரும்பாது, பதில் சொல்லாது. அதான் வேண்டாத குரல்னு முடிவு பண்ணிடுச்சு” என்றாள் சல்லடை. பிறகு சந்தேகமாகப் பார்த்தாள். “நீங்க வீட்டுல திரும்புவீங்கதானே?”

“ம்” என்றான்.

அந்தக் கேள்வி அவன் காதில் விழவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவன் சந்தோஷமாக இருந்தான். வெகுகாலத்துக்குப் பிறகு உள்ளே ஏதோ அசைந்தது. பிழை அவன் கண்முன் மறுபடி வந்துவிட்டது. அப்படியானால் அது நடந்தது, அவனுக்குக் கேட்கவில்லை, அவன் பொய் சொல்லவில்லை. மாடிப்படிக்கு ஓடிப்போய் வீட்டுக்குப் போன் போட்டு, மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னான்.

“நிஜமாவா?” என்றாள் மனைவி. அழுகிறாள் என்று தெரிந்தது. அழுகைக்கு நடுவில் அந்தக் கரகரத்த குரலில் சிரிக்கவும் செய்தாள். “அப்ப உங்க மிஷின் என்னை மிக்ஸின்னு நினைச்சுக்கிச்சா?”

அன்று சாயங்காலம் வீட்டில் செய்து காட்டினான். மனைவி இயர்போனைப் போட்டுக்கொண்டு தன் பழைய குரல் கரைந்து போவதை வாய்பிளந்து கேட்டாள். மச்சினியும் வந்திருந்தாள். இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, “சரி, போனாப் போகுது” என்றாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய மன்னிப்பு. பெட்டி திரும்ப அலமாரி மேல் ஏறியது. மிக்ஸி ஓடும்போது தலை வலிக்கிறது, இது கொஞ்ச நாள் என்னிடம் இருக்கட்டும் என்று மனைவி இயர்போனை வாங்கி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் கூட்டத்தில் மேலாளர் அவனைத் தூக்கி வைத்துப் பேசினார். கடைக்குப் போன பிறகு இது வெளியே தெரிந்திருந்தால் மானம் கப்பலேறியிருக்கும் என்றார். என்ன திருத்தம் என்று கேட்டார். “இனிமே ‘ம்’மையும் பதிலா எடுத்துக்கும்” என்றான் அவன். எல்லாரும் சிரித்தார்கள். உலகத்தில் உள்ள கணவன்மார் எல்லாரும் உங்களுக்கு நன்றி சொல்வார்கள் என்றார் மேலாளர்.

கூட்டம் கலைந்ததும் சல்லடை அவன் மேசைக்கு வந்தாள்.

“ஒரு சின்ன விஷயம். உங்க வீட்டுல அது நடந்தது திங்கக்கிழமை காலைலன்னு சொன்னீங்கல்ல? அப்ப உங்க காதுல இருந்தது பழைய வெர்ஷனா, புதுசா?”

“பழசுதான்.”

“அதெப்படி? வெள்ளிக்கிழமை சாயங்காலமே எல்லார் ஜோடியையும் நான் வாங்கி வெச்சுக்கிட்டேனே, புது வெர்ஷன் ஏத்த. திங்கக்கிழமை மதியம்தானே திருப்பிக் கொடுத்தேன். நீங்கதான் முதல் ஆளா வந்து நின்னீங்க. ரெண்டு நாளா காது காலியா இருந்தது ஒரு மாதிரி இருக்குன்னீங்க.”

அவன் தலையாட்டினான். அவள் போய்விட்டாள். அவளுக்கு அது வெறும் வெர்ஷன் கணக்கு.

காது காலி. அவன் அந்தத் திங்கட்கிழமைக் காலையைத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தான். இருட்டுச் சமையலறை, ஹாலிலிருந்து சாய்வாக விழுந்த வெளிச்சம். மனைவி அடுப்புப் பக்கம் நின்று தொண்டையில் ஒரு கையை வைத்துக்கொண்டிருந்தாள். அதை அவன் பார்த்தான். வியாழக்கிழமை என்ற வார்த்தை வந்தது. பயமா இருக்கு என்ற வார்த்தையும் வந்தது. எல்லா வார்த்தைகளும் முழுசாக, சுத்தமாக வந்தன. வந்து, வாசலில் போட்டுவிட்டுப் போன விளம்பரத் தாள் மாதிரி கிடந்தன, அவன் குனிந்து எடுக்கவில்லை. ஃபிரிட்ஜ் மோட்டாரில் ஒரு புது உறுமல் சேர்ந்திருக்கிறதே என்று யோசித்துக்கொண்டு ‘ம்’ என்றான்.

அவனுக்குப் பயம் வந்தது. மனைவி போய்விடுவாள் என்ற பயத்தைவிட, தன்னைப் பற்றிய பயம். எந்த இயந்திரமும் இல்லாமலே அவன் அவளை வடிகட்டக் கற்றுக்கொண்டிருந்தான். இயர்போன் பிறகுதான் அவனிடமிருந்து கற்றுக்கொண்டது.

பேருந்தில் போகும்போது, சொல்வதில்லை என்று முடிவெடுத்தான். சொன்னால் யாருக்கு என்ன லாபம்? பிழை உண்மை, கண்முன் நடந்தது, மச்சினியே நம்பிவிட்டாள். இனி ஒழுங்காக இருந்தால் போதாதா? தெருமுனையில் இறங்கி அங்கிருந்த கடையில் ஒரு பல்பு வாங்கினான். கடைக்காரர் அதைச் சொருகி எரியவிட்டுக் காட்டினார். நல்ல வெளிச்சம்.

மனைவி பல்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். “அடடே, மழைதான் வரப்போகுது!” ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அதற்கு ஒரு கால் ஆட்டம், அதனால் அவன் ஏறியதும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். காற்றுப் படக்கூடாது என்று கழுத்தையும் காதையும் சேர்த்துத் துணி சுற்றியிருந்தாள். மேலிருந்து பார்க்க அவள் வகிடு மட்டும் தெரிந்தது.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றாள் கீழேயிருந்து. “ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப உங்களைப் பத்தி ரொம்பக் கேவலமா நினைச்சேன். இவருக்கு நான் செத்தாலும் ஒண்ணுதான்னு தங்கச்சிகிட்டகூட சொன்னேன். அப்படி நினைச்சிருக்கக்கூடாது. என்னை மன்னிச்சிடுங்க.”

பழைய பல்பு கையில் சுழன்று வந்தது. மன்னிப்பா? அவளா? இதை மட்டும் அவனால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. எத்தனையோ வாங்கிக்கொண்டு சும்மா இருந்தவன், இதை வாங்கினால் இனி எழுந்திருக்கவே முடியாது என்று அவனுக்குப் பட்டது.

“அன்னைக்குக் காலைல நான் அதைப் போட்டிருக்கல” என்றான் சுவரைப் பார்த்து. “வெள்ளிக்கிழமையே ஆபீஸ்ல வாங்கிக்கிட்டாங்க. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. காது சும்மாதான் இருந்தது. நீ சொன்னதெல்லாம் கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் போனேன்.”



“ம்” என்றாள்.

வெறும் ‘ம்’. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவன் குனிந்து அவள் காதைப் பார்த்தான், துணி மூடியிருந்தது. இயர்போன் போட்டிருக்கிறாள், கேட்கவில்லை என்று நினைத்ததும் மனசு அப்பாடா என்றது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, கேட்காதது அவன் குற்றமில்லை. அந்த நிம்மதியோடுதான் புதுப் பல்பைத் திருகினான்.

பல்பு எரிந்தது. ஸ்டூல் உயரத்தில் ஃபிரிட்ஜின் தலை அவன் கண்ணுக்கு நேராக இருந்தது. அதன்மேல், தூசிக்கு நடுவில், இயர்போனின் சின்னப் பெட்டி மூடி திறந்து கிடந்தது. இடது, வலது, இரண்டும் உள்ளே இருந்தன. அவள் காது காலி.

அப்போது வலித்தது. ஊசி மருந்து இறங்கிய பிறகு தாடையில் ஒட்டுமொத்தமாக வருமே, அந்த வலி. திங்கட்கிழமைக் காலை அவள் அடுப்புப் பக்கம் நின்று அவனிடமிருந்து எப்படிப்பட்ட ‘ம்’மை வாங்கிக்கொண்டாள் என்பது இப்போதுதான் அவன் கைக்கு வந்தது. அழுகை முட்டியது. எங்கே வைத்து அழுவது என்று தெரியவில்லை. ஸ்டூல் ஆடியது, அவள் பிடியை விடவில்லை. அவன் இரண்டு காலையும் தரையில் வைக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஸ்டூலை அதன் இடத்தில் தள்ளி வைத்தாள். புது வெளிச்சத்தில் அடுப்பைச் சுற்றி இருந்த எண்ணெய்க் கறை எல்லாம் தெரிந்தது. அவள் ஒரு துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

“தங்கச்சிக்கு நீங்களே போன் பண்ணிடுங்க” என்றாள் துடைத்துக்கொண்டே. “எனக்கு ரொம்ப நேரம் பேச முடியாது. நாளைக்குக் காலைல வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. ஏன்னு கேட்டா, நீங்களே சொல்லுங்க.” திரும்பி அவனைப் பார்த்தாள். “என் துணிப்பெட்டியையும் இறக்கி வெச்சிடுங்க. கேட்டுச்சா?”

பழக்கதோஷம், ‘ம்’ தொண்டைவரை வந்துவிட்டது. அவன் அதை விழுங்கினான். அவள் முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்து சொன்னான்.

“கேட்டுச்சு.”